மிளகாயோடு காய்ந்த கிட்டார்

ஏறக்குறைய தொண்ணூறு வயதான ஒரு கிட்டாரை நான் நான்கு நாள் செத்தல் மிளகாயோடு சேர்த்துக் காயவைத்தேன். இதைச் சொல்ல இதைவிடக் கௌரவமான வழி ஏதும் உண்டா என்று நிறையவே யோசித்தேன். "அதிக வெப்பமுள்ள இடத்தில் வைக்கப்பட்டிருந்தது" என்று ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். வைத்தது யாரென்று காட்டிக்கொடுக்காத அழகான வசனம். ஆனால் வைத்தது நான்தான். மேல்தட்டில் மிளகாய், கீழ்த்தட்டில் கிட்டார், இடையில் என்னுடைய காலுறைகள்.

இடத்தையும் சொல்லிவிட வேண்டும். லண்டன் மோர்டனில் எங்கள் வீட்டு மாடிப்படி முடிகிற இடத்தில் ஓர் அலுமாரி இருக்கிறது. வெந்நீர்த் தாங்கி அதற்குள்தான் நிற்கிறது. துவாயும் படுக்கை விரிப்பும் இளஞ்சூடாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதைக் கட்டியிருக்கிறார். நாங்கள் குடிவந்த வாரமே அதற்கு வேறு பதவி கொடுத்துவிட்டோம். இந்த நாட்டு வெயிலை நம்பி எதையும் காயப்போட முடியாது. ஆகவே வெயில் செய்யவேண்டிய வேலையெல்லாம் பொயிலர் அலுமாரியின் தலையில் விழுந்தது. தூளுக்கு வறுக்கப்போகிற மிளகாய், மோர்மிளகாய், வேப்பம்பூ வடகம், மழையில் நனைந்த சப்பாத்து. இங்கே எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்தவர் வீடுகளில் அந்த அலுமாரிக்குள் துவாய் வைத்திருக்கிற வீடு ஒன்றுகூட இல்லை.

கிட்டார் என்னுடையதல்ல. என் மனைவியின் அண்ணனுடையது. அந்த மச்சான் ஜேர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். வீடுகளுக்குத் தரைப்பலகை பதிக்கிற தொழில். முழங்காலில் நின்றே முன்னுக்கு வந்த மனிதர் என்று எங்கள் பங்குத்தந்தை ஒருமுறை பிரசங்கத்தில் பகிடி விட்டார்; மச்சான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு வசனம் உண்டு. "நான் கிட்டார் அடிச்ச காலத்திலை" என்று தொடங்கும். கலியாண வீடோ செத்த வீடோ, தொலைக்காட்சியில் எவனாவது கிட்டாரோடு தோன்றினாலோ, வசனம் வந்துவிடும். ஊரில் ஒரு இசைக்குழுவில் இருந்தாராம். கோவில் திருநாள்களில் வாசித்தாராம். இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. புகைப்படம் இல்லை. கூட வாசித்தவர்களில் ஒருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில், ஒருவர் உயிரோடு இல்லை. கிட்டாரை ஊரிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து, ஜேர்மனியில் கலியாணம் கட்டி, அதன் பிறகு ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை.

மச்சானின் மனைவி எனக்கு அக்கா முறை. அவர் அந்தக் கதையை ஒருநாளும் மறுத்ததில்லை. மறுத்திருந்தால் மச்சானுக்கு வாதாடவாவது ஒரு வழி இருந்திருக்கும். அவர் செய்வது அதைவிடக் கொடியது. "நான் கிட்டார் அடிச்ச" என்ற இடத்தில் எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவார். இருபத்தைந்து வருடமாக இப்படித்தான்.

அவர்கள் கலியாணத்தின் இருபத்தைந்தாவது வருடத்துக்கு எங்கள் பங்கில் தமிழில் ஒரு நன்றித் திருப்பலி ஒழுங்கு செய்திருந்தார்கள். அதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது மச்சான் வேலைக்குப் போன ஒரு வீட்டில், இறந்துபோன தகப்பனின் சாமான்களை மகள் ஒழித்துக்கொண்டிருந்தாள். படிக்குக் கீழே ஒரு கறுத்தப் பெட்டி. வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, இல்லையென்றால் குப்பைக்குத்தான் என்றாளாம். மச்சான் அன்று மாலை நேராக என் வீட்டுக்கு வந்தார். பெட்டியைக் கதிரையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் திறந்தார்.

நான் கிட்டார் என்று அதுவரை நினைத்திருந்தது நடுவில் வட்டத் துளை போட்ட ஒரு தட்டைப் பெட்டியை. இது வேறு சாதி. முகம் வயலினைப் போல மெல்லப் புடைத்திருந்தது. துளை நடுவில் இல்லை. இரண்டு பக்கமும் வளைந்த கீறல்களாக இரண்டு திறப்புகள். ஓரத்தில் கறுப்பாகத் தொடங்கி நடுவில் தேன் நிறத்துக்கு வருகிற பூச்சு, அந்தப் பூச்சு முழுக்கக் காய்ந்த குளத்து மண்போல் நுண்ணிய வெடிப்புகள். நானும் மச்சானும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். என் மனைவிதான் பேசினாள்.

"என்ன அண்ணை இது, செத்த எலி மணம் மணக்குது."

"அது பழசின்ரை மணம், தங்கச்சி."

"எலியும் பழசுதான்."

ஏற்பாடு அப்போதே முடிவானது. அக்காவுக்குத் தெரியக்கூடாது. கிட்டார் என் வீட்டில் இருக்கும். வியாழக்கிழமைகளில் மச்சான் வேலை முடிந்து வந்து பழகுவார். வீட்டில் கேட்டால் எனக்கு வேலி கட்ட உதவி செய்வதாகச் சொல்வார். அந்த வெள்ளிவிழா யூபிலிப் பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கிய பிறகு, எல்லாரும் முழங்காலில் இருக்கும்போது, இருபத்தைந்து வருடக் கடனை மச்சான் ஒரே பாட்டில் தீர்த்துவிடுவார்.

மூன்று வியாழன் வந்தார். முதல் வியாழன் எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாம் வியாழன் அந்தச் சந்தேகம் வளர்ந்தது. பலகை வெட்டிக் காய்த்துப்போன விரல்கள் கம்பிக்கு மேல் போய்த் தயங்கித் தயங்கி நின்றன. மூன்றாம் வியாழன் முடிவில் ஒரே ஒரு வரி, ஐந்தாறு சுரம்தான், வழுக்கிக்கொண்டு வந்தது. அறையிலிருந்த கண்ணாடிக் குவளை சின்னதாக அதிர்ந்தது. மச்சான் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ஐந்தாறு சுரத்தையும் எப்போதோ எங்கேயோ வாசித்த கை அது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

"எப்பிடி?" என்றார்.

"பரவாயில்லை" என்றேன். நான் புத்தகம் படிக்கிறவன். தேவையான நேரத்தில் தேவையான சொல் வருவதில்லை.

அதன் பிறகு அவர் பத்து நாள் ஜேர்மனிக்குப் போகவேண்டி வந்தது, சிநேகிதர் ஒருவரின் மகளின் கலியாணத்துக்கு. "அங்கை நல்ல கம்பி எடுக்கலாம், வாங்கியாறன். நீர் இதைப் பவுத்திரமாப் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பவுத்திரம் என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது. சும்மா இருந்திருந்தால் கிட்டார் பெட்டிக்குள் கிடந்திருக்கும்.

எலி மணத்துக்குக் காரணம் பூஞ்சணம், பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரம், ஈரம் மரத்தின் எதிரி. இதையெல்லாம் நான் எங்கோ படித்திருக்கிறேன். அந்தக் கட்டுரையின் மற்றப் பாதியில், சூடு அதைவிடப் பெரிய எதிரி என்று இருந்திருக்க வேண்டும். நான் பாதியில் புத்தகத்தை மூடிவிடுகிறவன். கிட்டாரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொயிலர் அலுமாரியின் கீழ்த்தட்டில், நான் உடுத்துக் கழித்த ஒரு பழைய சாரத்தை விரித்து, குழந்தையைப் போல் கிடத்தினேன். மனைவி மேலே எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, மிளகாய்க்குக் கிட்ட வைக்காதேங்கோ. பிறகு தூளிலை எலி மணம் வரும்."

அவளுக்கு மிளகாயைப் பற்றிக் கவலை. எனக்குக் கிட்டாரைப் பற்றிக் கவலை. இரண்டு பேரில் அவள் கவலைப்பட்ட பொருள்தான் நன்றாக வந்தது.

நாலாம் நாள் மத்தியானம் மேலே விரல் முறித்தாற்போல் ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. போய்க் கதவைத் திறந்தேன். கிட்டாரின் முதுகுப் பலகை பக்கப் பலகையை விட்டுக் கீழ்ப்பக்கத்தில் பிரிந்திருந்தது. வங்கி அட்டை நுழையும் அளவு. நுழைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதற்றத்தில் கம்பிகளைத் தளர்த்தினால் மரத்துக்குச் சுகமாயிருக்கும் என்று தோன்றியது. ஆறு கம்பியையும் தளர்த்தினேன். உடனே குதிரை, அதாவது கம்பிகளை உயர்த்திப் பிடிக்கிற மரத்துண்டு, முகத்திலிருந்து கழன்று என் காலடியில் விழுந்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டாவது சாவு. நான் அலுமாரிக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். மிளகாய் நெடிக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது. எல்லாம் மிளகாயால் அல்ல.

அடுத்த நாள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஒரு திருத்துகிறவரிடம் போனேன். தென்லண்டனில் ரயில் பாலத்துக்குக் கீழே வளைவு வளைவாக இருக்கிற பட்டறைகளில் ஒன்று. அறுபது வயதிருக்கும், ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்மணி, கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் குனிந்து பார்த்தார். இரண்டு முறை தும்மினார்.

"எங்கே வைத்திருந்தீர்கள்?"

"அலுமாரியில்."

"எப்படிப்பட்ட அலுமாரி?"

"சாதாரணமான அலுமாரி. உள்ளே வெந்நீர்த் தாங்கி இருக்கிறது."

"வேறென்ன இருந்தது?"

எனக்குக் கோவிலில் பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பழக்கம்தான். கூண்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தும்முவதுதான் புதிது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சின்ன அட்டையில் ஒரே சொல் எழுதினார். தலைகீழாக வாசித்தேன்: சூடு. என் குற்றம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

குதிரை விழுந்ததைப் பயந்து பயந்து காட்டினேன். அதைப் பசை வைத்து ஒட்டுவதே இல்லை, கம்பிகள் அழுத்துகிற அழுத்தத்தில்தான் நிற்கிறது என்றார். இவ்வளவு காலமாகவா என்றேன். அப்படித்தான் என்றார்.

பிறகு அவர் கிட்டாரை மேசை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, பார்த்ததை எனக்கும் காட்டிக்கொண்டே போனார். நான் வைத்தியரிடம் போனவனைப்போல் நின்றேன். சிறிது நேரத்தில் நின்ற நிலை மறந்துபோயிற்று. முகத்தின் மேல் ஓரத்தில் பூச்சு தேய்ந்து வெள்ளை மரம் தெரிகிற இடம், வாசித்தவரின் முழங்கை. முதுகில் வரிசையாக நாலு சின்னப் பள்ளங்கள், கோட்டுப் பொத்தான்கள். வேலைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர். தலைப்பகுதியில் கரிந்த ஒரு புள்ளி, கம்பி முனையில் செருகி வைத்த சிகரெட். கழுத்தில் விரல் அழுத்துகிற முதல் நாலைந்து கட்டைகளில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. மேலே உள்ளவை புதிது போல. தனி வாசிப்புக்காரர் இல்லை இவர், என்றார். பின்வரிசையில் இருந்து இரவு முழுக்கத் தாளம் போட்டவர். யாரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் நிறுத்தினால் ஆடுகிறவர்கள் நின்றிருப்பார்கள்.

திறப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய வெடிப்பு இருந்தது. உள்ளே குட்டிக் குட்டி மரத்துண்டுகள் வைத்து யாரோ பொறுமையாக ஒட்டியிருந்தார்கள்.

"இதற்கு முன்னாலும் உங்களைப்போல் ஒருவர் இருந்திருக்கிறார்" என்றார்.

என்னால் வந்த கேட்டைக் கடைசியில்தான் பார்த்தார். பிரிந்த இடத்தில் நகத்தை ஓட்டினார். பலகை எங்கும் வெடிக்கவில்லை. மரம் சூட்டில் சுருங்கும்போது ஒன்று பலகை வெடிக்க வேண்டும், அல்லது பசை விட வேண்டும். இது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. மரத்தைக் காப்பாற்றத் தான் முதலில் விட்டுக்கொடுக்கிற பசை. இன்றைய பசையாக இருந்தால் விடாது, மரம்தான் போயிருக்கும் என்றார். வெறுங்கண்ணால் பார்த்தால் கறுத்த ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குள் இப்படி ஒரு ஞானத்தை யாரோ தொண்ணூறு வருடத்துக்கு முன்பே தடவி வைத்திருக்கிறார்கள்.

திருத்தலாம் என்றார். "ஆனால் சொந்தக்காரர் சொல்லாமல் கை வைக்கமாட்டேன். நீங்கள் சொந்தக்காரர் இல்லை, இல்லையா?"

"எப்படித் தெரியும்?"

"சொந்தக்காரர்கள் இவ்வளவு பயப்படுவதில்லை."

மச்சான் வியாழக்கிழமை வந்தார். ஒரு கையில் புதுக் கம்பிகள், மறு கையில் ஜேர்மன் சொக்கிலேற். வாசலிலேயே சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். சொக்கிலேற்றை வாங்கி வைத்த பிறகுதான் வாய் திறந்தது.

"மச்சான், ஒரு விசயம். முதல் இருங்கோ."

"ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை."

"பிறகென்னத்துக்கு இருக்கச் சொல்லுறீர்?"

சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து மாடிக்குப் போனார். பொயிலர் அலுமாரியைத் திறந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் கீழ்த்தட்டில் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி இறங்கி வந்தார்.

"நான் போற வீடு வீடாச் சொல்லுறனான்" என்றார், மெதுவாக. "பலகையைக் கொண்டந்து அறைக்குள்ளை மூண்டு நாள் சும்மா விடுங்கோ. ஹீட்டிங்கைக் கூட்டாதேங்கோ. மரம் வீட்டோடை பழகோணும் எண்டு. ஆரெண்டு தெரியாத வெள்ளைக்காரன் கேட்டு நடக்கிறான். என்ரை சொந்த மச்சான்…"

முடிக்கவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். குசினிக்குள்ளிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்:

"ஆனா அண்ணை, மிளகாய் நல்லாக் காய்ஞ்சது."

"உம்மடை மனுசனைக் கொஞ்ச நேரம் அதுக்குள்ளை வையும், தங்கச்சி."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனாலும் அவர் முகத்தில் இருந்தது எனக்குத் தெரிந்தது. பூசைக்கு இன்னும் மூன்றரை வாரம். இருபத்தைந்து வருடம் சொன்ன கதைக்குச் சாட்சி சொல்ல வந்த ஒரே ஆள், வாய் பிளந்து பட்டறையில் கிடந்தது.

சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். மச்சான் போகிற வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. பட்டறைக்குள் நுழைந்ததும் அந்தப் பெண்மணியோடு பேசத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. நார் ஓடுகிற திசை, ஈரப் பதம், எந்த மரம் எவ்வளவு சுருங்கும். மரம் தெரிந்த இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது ஆள் கதிரைக்குச் சமம். நான் கதிரையாக நின்றேன்.

பிறகு அந்தப் பெண்மணி ஒரு மெல்லிய விளக்கைத் திறப்பு வழியாக உள்ளே இறக்கினார். பிரிந்த இடத்தில் பல்வைத்தியரின் கண்ணாடி போன்ற ஒன்றை நுழைத்து மச்சானிடம் கொடுத்தார். மச்சான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மச்சான், இஞ்சை வாரும்" என்றார். வீட்டிலிருந்து புறப்பட்ட பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

நானும் பார்த்தேன். உள்ளே மெல்லிய மஞ்சள் வெளிச்சம். ஆளில்லாத நேரத்தில் பக்கக் கதவைத் திறந்து பெரிய கோவிலுக்குள் எட்டிப் பார்த்தாற்போல் இருந்தது. மேலே முகப்பலகையின் உட்புறம், மண்டபக் கூரை போல் வளைந்து உயர்ந்து போயிற்று. வெளியே கண்ணாடிபோல் பளபளத்த அந்த வளைவு, உள்ளே முழுக்க உளித்தடங்களாக இருந்தது. சின்னச் சின்ன மீன் செதில்கள் மாதிரி. நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒரு கை ஒருமுறை முன்னால் போய் வந்த தடம்.

"உதென்ன, வளைச்சதில்லையோ?" என்று மச்சான் என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றார். தடித்த ஒரு பலகையை எடுத்து, வேண்டாத மரம் எல்லாவற்றையும் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். நடுவில் தடிப்பு, ஓரத்துக்குப் போகப் போக மெல்லிசு. கையாலேயே தட்டித் தட்டிப் பார்த்து.

அமெரிக்காவில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் செய்தது என்றார். தொழிற்சாலைகள் அடுத்தடுத்து மூடிய காலம். ஒரு துண்டுப் பாணுக்கும் ஒரு கோப்பைச் சூப்புக்கும் தெரு நீளத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்ற காலம். ஆடம்பரக் கிட்டார் வாங்க யாரும் இல்லாததால் கம்பனிகள் மலிவான வகைகளையும் செய்து பார்த்தன. இது அந்த மலிவான வகை. மலிவென்றால் சிப்பிப் பதிப்பும் பொன் முலாமும் இல்லை, அவ்வளவுதான். உள்ளே வேலையில் ஒன்றையும் குறைக்கவில்லை.

கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார். உட்பலகையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சரி அடையாளம். செதுக்கியவரோ பார்வையிட்டவரோ போட்டது. மூடி ஒட்டிய பிறகு யாருமே பார்க்கமுடியாத இடம். வெளியே ஊரெல்லாம் வேலை தேடி அலைகிறபோது, வேலை கிடைத்த ஒரு மனிதன், தன் வேலை சரி என்று தனக்குத்தானே ஒரு கோடு கிழித்துவிட்டுப் போயிருக்கிறான். பென்சில் இன்னும் மங்கவில்லை. என்னுடைய மடத்தனம் இல்லாவிட்டால் அதை நாங்கள் பார்த்திருக்கப் போவதில்லை. இதை நான் உரக்கச் சொல்லவில்லை. சொல்லக்கூடாத நேரங்கள் எனக்கும் சில தெரியும்.

மச்சான் கண்ணாடியைக் கீழே வைத்தார். ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று, ஒன்றுக்குள் ஒன்று சொருகுகிற பிளாஸ்டிக் முகம் ஒட்டிய தரைப்பலகைகளை ஆயிரக்கணக்கில் பதித்தவர். தன் இரண்டு கையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி இரண்டு வழி சொன்னார். இப்போதே பசை வைத்து இடுக்கி போட்டு இறுக்கலாம், திங்கட்கிழமை கொண்டுபோகலாம். ஆனால் சுருங்கின மரத்தைப் பலவந்தமாக இழுத்து ஒட்டினதாகும். இன்றைக்குப் பிடிக்கும், இரண்டு வருடத்தில் எங்காவது வெடிக்கும். மற்றது, அறையின் பதத்தில் இரண்டு மூன்று கிழமை சும்மா விட்டு, மரம் தானாகத் தன் இடத்துக்கு வந்த பிறகு ஒட்டுவது. அப்படியென்றால் பூசைக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் கையில் கிடைக்கும். பழக நேரம் இருக்காது.

நான் மச்சானைப் பார்த்தேன். திங்கட்கிழமை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். என் இடத்தில் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். இரண்டு வருடம் கழித்து எங்கோ வெடிக்கட்டும்; ஞாயிற்றுக்கிழமை அக்கா முன்வரிசையில் இருக்கப்போகிறார்.

"மரம் ஆறட்டும்" என்றார் மச்சான். பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த மூன்று வாரமும் எங்கள் வீட்டில், பல்கலைக்கழகம் போன என் மகள் விட்டுச்சென்ற மலிவுக் கிட்டாரில் பழகினார். முகம் முழுக்கப் பூனைப் படங்கள் ஒட்டிய கிட்டார். வியாழன் மட்டுமல்ல, செவ்வாயும் வந்தார். எங்கள் வேலி ஏன் இன்னும் எழும்பவில்லை என்று அக்கா இரண்டு முறை என் மனைவியைக் கேட்டுவிட்டார். விரல் நுனியில் தோல் வெடித்து, மேலே பிளாஸ்டர் சுற்றி, அதற்கு மேலும் வாசித்தார். சில நாள் அந்தப் பூனைக் கிட்டாரைச் சுவரில் சாத்திவிட்டு, "நான் உண்மையிலை அடிச்சனானோ எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு" என்பார். நான் தேத்தண்ணி போடப் போகாமல் இருந்தேன். என்னால் முடிந்த உதவி அது.

வெள்ளிக்கிழமை கிட்டார் வந்தது. பிரிந்த இடத்தை விரலால் தேடினேன். இல்லை. எலி மணம் போயிருந்தது. மச்சான் புதுக் கம்பி பூட்டி மெதுவாக முறுக்கிவிட்டு, ஒரே ஒரு முறை விரலை இழுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பெட்டியை மூடிவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை பாப்பம்" என்றார்.

பூசையில் நன்மை முடிந்து எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். மச்சான் எழுந்து பாடகர் குழுவின் பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தார். கீபோட் வாசிக்கிற பையன் மைக்கைக் கிட்டக் கொண்டுவந்தான். மச்சான் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மைக் இல்லாத காலத்தில், பத்து ஊதுகுழல்களுக்கு நடுவே கேட்கவேண்டும் என்று செய்த சாமான் அது.

தொடங்கினார். நாங்கள் எல்லாரும் சின்ன வயதிலிருந்து பாடிய ஒரு மாதா பாட்டு. பெருவிரல் கீழே தாளம் போட்டது, மற்ற விரல்கள் மேலே பாடின. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது. இனிமை என்று சொன்னால் பொய். இனிமையாக முழங்கிக்கொண்டே நிற்கிற கிட்டார்கள் உண்டு. இது ஒவ்வொரு சுரமாக எடுத்து, இந்தா என்று வைத்தது. உலர்ந்த, தெளிந்த, மரத்தின் சத்தம். வைத்ததும் விலகி அடுத்ததற்கு இடம் விட்டது. அந்த உளித்தடங்கள் எல்லாம் எனக்குக் கண்ணுக்குள் வந்தன. கடைசி வரிசை வாங்கில் இருந்த குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. மச்சான் ஒரு இடத்தில் தடுமாறினார். தடுமாறின இடத்தைத் திரும்ப வாசித்துச் சரியாகக் கடந்தார். அது எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது. தொழிலாளி வேலை அது.

நான் அக்காவைப் பார்த்தேன். கூறைச் சேலையில், முன்வரிசையில், முழங்காலில் இருந்தவர் எழும்பி உட்கார்ந்திருந்தார். கண் வேறெங்கும் போகவில்லை, மச்சானின் இடக்கையிலேயே இருந்தது. இருபத்தைந்து வருடமாகத் தேத்தண்ணிக்கு எழும்பிய மனுசி, இந்த முறை அசையவில்லை. கடைசிச் சுரத்துக்குப் பிறகு கோவிலில் ஒரு அமைதி இருந்தது. பங்குத்தந்தை எழும்ப மறந்துவிட்டார். கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. அந்த அமைதியைச் சாப்பிட்டு ஒரு மாதம் உயிர் வாழலாம் போலிருந்தது.

பிறகு மண்டபத்தில் றோல்ஸும் கட்லட்டும் போனது. மச்சானைச் சுற்றி ஒரு கூட்டம். அவர் முதல் முறையாகத் தன் கதையைச் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தார், மற்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தட்டோடு அக்காவிடம் போனேன். அவர் கண் இன்னும் சிவந்திருந்தது.

"எப்பிடி அக்கா?" என்றேன்.

அவர் மச்சானை ஒருமுறை பார்த்தார். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்.

"நல்லாத்தான் அடிச்சவர், தம்பி. உண்மையாவே நல்லாத்தான் அடிச்சவர்" என்றார். "ஆனா இருவத்தஞ்சு வருசமாச் சொன்ன சாமான். இன்னும் கொஞ்சம் நீளமா இருக்குமெண்டு நினைச்சன்."